கட்டாரில் இல்லாத மாப்பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோன்பு தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போது நடந்தது இது. அப்போது நான் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது, அந்த வீடு அவளுக்குத்தான் என்று சொல்லி, காலி செய்ய ஒரு மாதத் தவணை தந்திருந்தார்கள். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் வீடு என்பது பெண்ணுக்குக் கொடுப்பது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று இருந்தது.

நான் படம் கீறுகிற ஓவியர். கொழும்பில் இருந்த நாட்களில் கையால் புத்தகம் கட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. இரண்டு நாள் வீட்டில் வகுப்பு, புதன்கிழமை காரைதீவு, சனிக்கிழமை திருக்கோவில், ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் இறக்காமம். தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் ஊசி, மெழுகு தடவிய நூல், அட்டை, பசைப் போத்தல். பஸ் கொண்டக்டர்மார் என்னைத் தையல் டீச்சர் என்றுதான் நினைத்திருந்தார்கள். நானும் திருத்தவில்லை. புத்தகத்தையும் தைக்கத்தானே செய்கிறோம்!

ஏழு வருடத்தில் நான்கு வீடு மாறிவிட்டேன். ஐந்தாவது தேடும்போதுதான் சிக்கல் வந்தது. போகிற இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆரோட இரிக்கிறது?" தனியாக என்றால் அடுத்த கேள்வி: "மாப்புள்ள?" கணவர் எங்கே என்றுதான். விவாகரத்து என்றதும், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க இருக்கிறது, சொந்தக்காரர் வரப்போகிறார், தண்ணீர் மோட்டார் பழுது என்று ஏதாவது ஒன்று புதிதாக முளைக்கும். ஒன்பது வீடு பார்த்தேன். ஒன்பதிலும் அப்படித்தான்.

வீடு பார்த்துத் தந்த புரோக்கர் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார். "தங்கச்சி, மாப்புள்ள கட்டார்ல எண்டு சொல்லுங்க. ஆரும் அங்க போய்ப் பாத்துட்டு வரப்போறல்ல" என்றார்.

நான் முதலில் மறுத்தேன். பத்தாவது வீட்டு வாசலில் அதையே சொன்னேன்.

அது மருதமுனையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் குடியிருந்ததும் அதே கேட்டுக்குள், அடுத்த வீட்டில். பக்கத்து வளவில் கைத்தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரப் பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூத்த சகோதரி முறையில் நான் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய கணவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். நான் கட்டார் என்றதும் ராத்தாவின் முகமே மாறிவிட்டது. அவருடைய மகனும் வெளிநாட்டில்தான். எந்தக் கம்பெனி என்று கேட்டார். ஹோட்டலில் சமையல் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராத்தா அந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் ஏந்தி, என் மாப்பிள்ளையின் சுகத்துக்கும் அவர் பத்திரமாக வீடு வந்து சேர்வதற்கும் துஆக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு "ஆமீன்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்குள் மூன்று தடவை போனில் கோல் எடுத்தார். வீட்டுச் சாவி பற்றியோ வாடகை பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "மாப்புள்ள கோல் எடுத்தாரா புள்ள? அங்க இப்ப குளிராம். நல்லாப் போத்திற்றுப் படுக்கச் சொல்லுங்க." ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

வீடு மாறும் நாளில் லேண்ட்மாஸ்டர் என்கிற சின்ன டிராக்டர் ஒன்று பிடித்தேன். பின்னால் பூட்டிய பெட்டியில் கட்டில், மெத்தை, அடுப்பு, எட்டுப் பெட்டி தாள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய இரும்புப் பிரஸ். மூடிய அச்சகம் ஒன்றில் வாங்கியது. கட்டிய புத்தகத்தை இறுக்கி வைக்க அதுதான் வேண்டும். மூன்று பேர் சேர்ந்தால்தான் அசையும். உதவிக்குக் காரைதீவிலிருந்து என் மாணவி ஒருத்தி வந்திருந்தாள். மீன்பிடிக் குடும்பம், முப்பது முப்பத்திரண்டு வயது, ஒரு வருடமாக என்னிடம் படிக்கிறாள். அதிகம் கதைக்காதவள். மெத்தைக்கு மேல் ஏறி உட்கார்ந்து, கல்முனை டவுன் நடுவால் ஒரு ராணி போல வந்தாள்.

மருதமுனையில் வீட்டுக்கு முன் வண்டி நின்றபோது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. ராத்தா கேட்டடியில் காத்துக்கொண்டு நின்றார். எங்களுக்காகச் சோறும் மீன் ஆணமும் சமைத்து மூடி வைத்திருப்பதாகச் சொன்னார். ஹாஜியார் கட்டில் கால்களை எந்தப் பக்கம் திருப்பினால் கதவுக்குள் போகும் என்று டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பிரஸ்ஸை இறக்கப் போகும்போது ராத்தா என் மாணவியிடம் சும்மா கேட்டார்.

"இவட மாப்புள்ளய நீங்க கண்டிரிக்கிங்களா?"

இந்தக் கட்டார் கதையை நான் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை.

அவள் என்னை ஒரு தரம்தான் பார்த்தாள். கண் சிமிட்டும் நேரம்கூட எடுக்கவில்லை.

"ஓம், கண்டிரிக்கன். நல்ல மனுசன். நல்ல உயரம். கதை கொஞ்சம் குறைவு" என்றாள்.

ராத்தா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் மாணவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, பயமும் இல்லை. தினமும் செய்கிற ஒரு வேலையைச் செய்து முடித்தவள் மாதிரி இருந்தாள். என் காதருகே வந்து, "பொம்புளயெண்டா இதெல்லாம் வேணும் டீச்சர். நான் கிளாஸுக்கு வாறதே ஊட்ட வேற கதை சொல்லிற்றுத்தான்" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. ஒரு வருடமாக இவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். இப்போது என் முன்னாலேயே, எனக்காக, இவள் இல்லாத ஒரு மனிதனுக்கு உயரமும் குணமும் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. புரோக்கர் மேலா, அந்த ஒன்பது வீட்டுக்காரர் மேலா, என் மேலா? எல்லார் மேலும்தான் என்று நினைக்கிறேன்.

ராத்தா தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன்.

"ராத்தா, நான் பொய் சொல்லிட்டன். எனக்கு மாப்புள்ள இல்ல. பிரிஞ்சு ஏழு வருசம். கட்டார்ல ஆருமில்ல. இந்தப் புள்ள இப்ப சொன்னதும் என்னக் காப்பாத்தத்தான்."

லேண்ட்மாஸ்டர் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியார் முதலில் என்னையும் பிறகு மனைவியையும் பார்த்தார். "சாமானத் திருப்பி ஏத்துங்க" என்று டிரைவரிடம் சொன்னார். ராத்தா செம்பைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இறக்கியதைத் திரும்ப ஏற்றிய டிரைவருக்கு அடுத்த ஹயர் ஓட்டம் இருந்தது. வயலில் நெல் மூட்டை ஏற்றக் காத்திருந்தார்கள். எங்கே போவது என்று அவசரப்படுத்தினார். மாணவி என் கையைப் பிடித்து, "எங்கட ஊட்ட வாங்க டீச்சர். ரெண்டு அறைதான், ஒண்டுக்குள்ள வலை கிடக்கு, எடுத்துப் போடலாம். ஊட்ட என்னவும் கதை சொல்லிக்கலாம்" என்றாள்.

நான் டிரைவரிடம், "இங்கயே இறக்குங்க. கேட்டுக்கு வெளிய, ரோட்டோரமா" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. நான் பொய் சொன்னது ராத்தாவிடம். போ என்று சொல்வதானால் அவர் தன் வாயால் சொல்லட்டும். அதுவரைக்கும் அசைய மாட்டேன்.

டிரைவர் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ரோட்டோரத்தில் என் கட்டில், என் அடுப்பு, என் பிரஸ். தாள் பெட்டிக்கு மேல் நான் உட்கார்ந்தேன். மாணவி மெத்தைச் சுருளில் உட்கார்ந்தாள். வேலை இல்லாமல் கை சும்மா இருக்காதே, பையைத் திறந்து திருக்கோவில் வகுப்புக்காகப் பாதியில் விட்டிருந்த கொப்பிகளை எடுத்து இரண்டு பேரும் தைக்கத் தொடங்கினோம்.

தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். தறிக்காரப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். என்ன பிரச்சினை என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் சொன்னேன்: வீடு தேடுகிறேன், மாப்பிள்ளை இல்லை, தனியாகத்தான் இருக்கிறேன், புத்தகம் கட்டப் படிப்பிக்கிறேன், பொய் சொன்னதால் வெளியில் நிற்கிறேன். இரண்டு கிழமையாக மென்று விழுங்கியதை அன்றைக்கு நடுத்தெருவில் சத்தமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் முதுகு நிமிர்ந்துகொண்டு வந்தது.

சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், "ரோட்டுல இப்பிடி இரிக்க வெக்கமில்லயா?" என்றார்.

"பொய் சொன்னதுக்கு வெக்கம் இரிக்கி. ரோட்டுல இரிக்கிறதுக்கு இல்ல" என்றேன். அவர் பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் அஸர் தொழுகை முடிந்து ஹாஜியார் பள்ளிவாசலிலிருந்து வந்தார். சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை வருவதற்கு முன்னால் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிக்கவும் கதவு திறந்தது. ராத்தா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"உங்கட ஊடு எங்க? உம்மா வாப்பா உங்களுக்கு ஊடு தரல்லயா?"

இந்தக் கேள்வியை எங்கள் ஊர்க்காரர்தான் சரியாகக் கேட்க முடியும். "தந்தாங்க ராத்தா. பிரிஞ்ச பொறகு தங்கச்சியக் கலியாணம் கேட்டு வந்தாங்க. மாப்புள்ள ஊட்டார் ஊடு கேட்டாங்க. வாப்பாட்ட வேற இல்ல. என்டத அவளுக்கு எழுதிக் குடுத்துட்டன்."

"ஆரும் கேட்டாங்களா உங்களிட்ட?"

"கேக்க முந்தியே குடுத்தன். இண்டைக்கும் அதுல எனக்குக் கவலயில்ல."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு குரல் உடைந்தது. "ரெண்டு கிழமையா அஞ்சு வக்துத் தொழுகையிலயும் கையேந்தினன். ஆருக்குக் கேட்டன் நான்? இல்லாத ஆளுக்கா?"

ஒன்பது வீட்டுக்காரரிடமும் வாதாட என்னிடம் நியாயம் இருந்தது. இவரிடம் இல்லை. என்னை மறுத்தவர்களுக்காக நான் தயாரித்த பொய், மறுக்காத ஒருவர் மேல் போய் விழுந்திருந்தது. "மன்னிச்சுக்கங்க ராத்தா" என்றேன்.

ஹாஜியார் திரும்பவும் மஃரிப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ராத்தா அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஊடு என்ட பேர்லதான் இரிக்கி."

ஹாஜியார் பேச்சை நிறுத்திவிட்டார். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு வசனம் போதும்போல. ஆனாலும் ஒரு நிபந்தனை வைத்தார். வகுப்புக்குப் பெண்கள் மட்டும் வரட்டும் என்றார்.

என் வகுப்பில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், மற்றவர் அச்சகத்தில் வேலை செய்தவர். சரி என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் நான் அதையும் மறைத்து உள்ளே போக விரும்பவில்லை.

"ரெண்டு ஆம்புளையும் வருவாங்க ஹாஜியார். பகல்ல, முன் கேட்டால. அது ஏலாதெண்டா நான் உள்ள வரல்ல."

மாணவி என் புறங்கையைக் கிள்ளினாள். கைக்கு வந்ததைத் தட்டிவிடுகிறேன் என்று அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். திரும்பி ஏற்ற வண்டிகூட இல்லை.

ராத்தா என்னை நன்றாகப் பார்த்தார். "கேட்டையும் முன் கதவையும் திறந்து வைங்க. ஆரும் கேட்டா உங்களுக்காக நான் ஒரு பொய்யும் சொல்ல மாட்டன்."

"வேணாம் ராத்தா. கேக்கிறவங்கள என்னட்ட அனுப்புங்க."

அவர் கேட்டை அகலத் திறந்தார். "சோறு ஆறிப்போயிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிரஸ்ஸை உள்ளே எடுக்கத் தறிக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். ஹாஜியார் கட்டில் கால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மறுபடியும் சொல்லத் தொடங்கினார். இந்த முறை எனக்கு.

கிட்டத்தட்ட மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தேன். ராத்தாவும் நானும் பிறகு மிகவும் நெருங்கிவிட்டோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ராத்தா என்னிடம் நேர்மையாக நடந்துகொண்டார், ஆனால் கட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தபோது இருந்த அந்தக் குரலை நான் திரும்பக் கேட்கவில்லை. அதை நானே கெடுத்துக்கொண்டேன். தெருவில் சிலர் சலாம் சொல்வதை நிறுத்தினார்கள். தறிக்காரப் பெண்களில் ஒருத்தி வகுப்பில் சேர்ந்தாள்.

காரைதீவு மாணவி அதற்கு அடுத்த மூன்று கிழமை வரவில்லை. கிளாஸுக்கு வருகிற உண்மையை வீட்டில் சொல்லிவிட்டாளாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான்காவது புதன்கிழமை வந்தாள். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்தாள்.

போன மாதம் திரும்பவும் வீடு மாறினேன், இந்த முறை நிந்தவூருக்கு. நான்கு வீட்டுக்காரர் முடியாது என்றார்கள். ஐந்தாவது ஆள் யோசித்துவிட்டுச் சரி என்றார். இப்போதெல்லாம் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அவர்கள் கேட்க முதலே நான் யார், எப்படி வாழ்கிறேன், என்னிடம் யார் யார் வருவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்துவது அவர்கள் விருப்பம், ஆனால் திறக்கிறவர் என்னைப் பார்த்துத் திறக்க வேண்டும், இல்லாத ஒருவனைப் பார்த்து அல்ல.