இரண்டாவது பற்றரி

என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. மாரி மழையில் வயலுக்குள் புதையும் ட்ரக்டர்களை அதைக் கொண்டுதான் இழுத்து எடுப்பேன். அதுதான் தொழில். முன் பம்பரில் விஞ்ச் பூட்டியிருக்கிறேன். கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மெசின். பற்றரியில் ஓடும்.

விஞ்ச் இழுக்கும்போது எஞ்சினை இரைய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்றரி இறங்கிவிடும். நான் சேற்றில் கயிற்றோடு நிற்பேன். மனைவி ட்ரைவர் சீற்றுக்கு மாறமாட்டாள்; தன் இடது சீற்றில் இருந்தபடியே கியர் கம்பைத் தாண்டிக் காலை நீட்டி அக்சிலேட்டரை அமத்துவாள். கை காட்டினால் விடுவாள். வாய் திறந்து கதைக்கத் தேவையில்லை.

அவள் செத்த பிறகு அமத்த ஆள் இல்லை. அந்தச் சீற்றில் யாரையும் நான் இருத்தியதும் இல்லை. ஏறுகிற ஆட்களைப் பின்னுக்கு ஏறச் சொல்வேன்.

போன மாரி கிளிவெட்டியில் ஒரு ட்ரக்டரை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பற்றரி செத்தது. எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை.

"இப்ப ரெண்டையும் இழுக்க ஆரைக் கூப்பிடுறது அண்ண?" என்று ட்ரக்டர்காரர் கேட்டார்.

சிரிக்கத்தான் கேட்டார். ஆனால் இன்னொரு முறை இப்படி நடந்தால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

கிண்ணியாவில் வாகன வயரிங் செய்யும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் ஜீப்பைக் கொண்டுபோனேன். நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பொனட்டைத் திறந்து பார்த்தார்.

"சார்ஜ் ஏத்துற இந்த அல்டர்னேட்டர் லைற்றுக்கு மட்டும்தான் காணும், விஞ்சுக்குப் போதாது. பெரிசு போடுவம். எஞ்சின் சும்மா ஓடினாலும் பற்றரிக்குச் சார்ஜ் ஏறும். விஞ்சுக்குத் தனிப் பற்றரி வேணும். நடுவில ஒரு ரிலே. விஞ்ச் எவ்வளவு குடிச்சாலும் ஸ்டார்ட் பற்றரிய அது பிரிச்சு வச்சிரும்."

"எங்க வைக்கிறது?"

பொனட்டுக்குள் இடம் இல்லை. இடது சீற்றைக் காட்டினார்.

"இதைக் கழட்டிட்டு."

"அது ஏலாது."

"ஒங்களோட ஆரும் வாறதைக் காணல்லையே அண்ணன்."

"பின்னுக்கு வையுங்கோ."

"வயர் நீளம் கூடும். சூடாகும். இழுவை குறையும்."

"பரவாயில்லை."

சொன்னபடி செய்து தந்தார். முதல் வேலையிலேயே விஞ்ச் முனகியது. ட்ரக்டர் பாதி ஏறி வழுக்கி இறங்கியது. வயரில் கை வைத்தேன். சுட்டது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நேரே கிண்ணியாவுக்குப் போனேன்.

"கழட்டுங்கோ" என்றேன்.

நானா ஸ்பானரோடு வந்தார். சீற்றின் நட்டெல்லாம் உப்புக் காற்றில் இறுகிக் கிடந்தது. வெட்டித்தான் எடுத்தார். அந்த இடத்தில் இரும்புப் பெட்டி அடித்து, பற்றரியை வைத்து, மேலே பலகை போட்டு மூடினார். சீற்றைப் பின்னால் ஏற்றினோம். இப்போது அது பாலையூற்றில் என் வீட்டில், முன் அறையில், சுவரோடு இருக்கிறது.

அடுத்த நாள் அதே வயலுக்குப் போனேன். எஞ்சின் தன்பாட்டில் ஓடியது. விஞ்ச் நிற்காமல் இழுத்தது. ட்ரக்டர் கரைக்கு வந்தது. நான் பழக்கத்தில் ஜீப்பைப் பார்த்துக் கை காட்டினேன். பிறகு நானே போய் விஞ்சை நிற்பாட்டினேன்.

ட்ரக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. சந்தி வரைக்கும் வருவதாகச் சொல்லி அதை ஓட்டிய மனிதர் ஜீப்பின் முன்பக்கமே ஏறினார்.

"சீற் எங்க அண்ண?"

"எடுத்தாச்சு."

"இதுக்குள்ள என்ன?"

"பற்றரி."

"கரண்ட் அடிக்காதோ?"

"அடிக்காது."

"அடிச்சாலும் நீங்கள் சொல்லமாட்டீங்கள். வாய் திறந்தாத்தானே."

பலகையில் இருந்துவிட்டார். பின்னுக்கு ஏறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது சீற் இல்லைத்தானே. சந்தி வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தார். நெல்லு, மழை, மகளின் சடங்கு. நான் ஓம் ஓம் என்றேன்.

சந்தியில் இறங்கிக் கதவைச் சாத்தினார். பலகையில் அவர் இருந்த இடம் சேறாக இருந்தது. வீட்டுக்கு வரும்போது காய்ந்துவிட்டது. துடைக்கத் துணி எடுத்தேன். பிறகு துணியை வைத்துவிட்டு உள்ளே போனேன்.