அக்காவுக்கு நான் கொடுத்த விலாசம்

அக்கா நிலாவெளியில் பிறந்தார். நாடு சுதந்திரம் பெற்றபோது அவருக்குப் பதினான்கு வயது. அந்த வருடமே கடலுக்குப் போன ஐயா திரும்பவில்லை. அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. தென்னோலைக் கிடுகு பின்னி விற்று என்னையும் தங்கச்சியையும் வளர்த்தவர் அக்காதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, துறைமுகம், லொறி, மீன்வாடி என்று அலைந்தவன். எப்போது வந்தாலும் எனக்கு அக்காவிடம் சோறு இருந்தது.

தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிவந்த காலத்தில் அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை, மெலிந்துகொண்டே போனார். பட்டணத்துக் கிளினிக்கில் சயரோகம் என்றார்கள். பெயர் எழுதியவர் விலாசம் கேட்டார். அக்கா வாய் திறக்கமுன் பாலையூற்றிலுள்ள சித்தி வீட்டு விலாசத்தை நான் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "ஏன்டா பொய் சொன்னனி?"

"ஆரும் வீட்டுக்குத் தேடி வந்தா ஊர் கதைக்கும். தங்கச்சியின்ர கலியாணம் நிண்டுபோம்."

"இந்த மூளையைப் பள்ளிக்கூடத்தில காட்டியிருந்தா, நீயும் கதிரையில இருந்து பேர் எழுதியிருப்பாய்."

சித்தி வீட்டில் தங்கி இரண்டு மாதம் தினமும் ஊசி போட்டார். சித்திக்குச் சுகமில்லை, உதவிக்குப் போயிருக்கிறார் என்று ஊரில் சொன்னோம். பிறகு குளிசை. ஒன்றரை வருடம் விடாமல் போடவேண்டும், மாதாமாதம் வந்து வாங்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபோது இருமல் நின்றிருந்தது, உடம்பும் தேறியிருந்தது. குளிசை போட்டால் வயிற்றைப் பிரட்டும். பஸ்ஸில் ஏறினால் மாப்பிள்ளை வீட்டாரில் யாராவது இருந்து, "எங்க போறியள்?" என்று கேட்பார்கள். போய் வாங்கிவருவதாகச் சொன்ன நான், முல்லைத்தீவுப் பக்கம் மீன்வாடியில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அக்கா மருந்தை விட்டார்.

வராதவரைத் தேடிக் கிளினிக்கிலிருந்து ஒருவர் சைக்கிளில் பாலையூற்றுக்குப் போயிருக்கிறார். யார் கேட்டாலும் சொல்லவேண்டாம் என்று சித்திக்கு நான் சொல்லிவைத்திருந்தேன். அதைச் சித்தி பிறகு பெருமையாகச் சொன்னார்:

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை ஐயா எண்டிட்டன். அந்த மனுசன் நல்ல வெயிலுக்க ஒழுங்கை முழுக்க விசாரிச்சுப்போட்டுப் போச்சுது."

தங்கச்சியின் கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. அடுத்த மாரியில் அக்கா இரத்தம் கக்கினார். முந்திய மருந்து இப்போது கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு பக்க நுரையீரல் பழுதாகித்தான் வீடு வந்தார். அதன்பின் ஒரு வாளி தண்ணீர் தூக்க அவரால் ஏலாது. விலாசத்தை மாற்றியதும் மருந்தை விட்டதும் தன் கலியாணத்துக்காக என்று தங்கச்சிக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசிக்கும்போதுதான் அறிவாள்.

அக்கா என்னை ஒருநாளும் குறைசொல்லவில்லை. ஆனால் பக்கத்து வளவுப் பெடியனுக்கு அந்த நோய் வந்து, அந்த வீட்டுக்கு ஒருவரும் போகாமல் விட்டபோது, ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் குரல் கொடுத்தார்:

"தம்பி, குளிசை போட்டிட்டியோ?"

"இருமல் நிண்டிட்டுது அக்கா."

"எனக்கும் நிண்டதுதான். எனக்கு முன்னால போடு, பாப்பம்."

அவன் இன்று ஆழ்கடலுக்குப் போகிறான். அக்காவின் பாடையைத் தூக்கிய நால்வரில் அவனும் ஒருவன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் விலாசம் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா என்னைக் கையால் மறித்து, மூச்சு வாங்கி வாங்கித் தானே சொன்னார்:

"நிலாவெளி எண்டு எழுதுங்கோ. கோயிலுக்குப் பின் ஒழுங்கை, மூண்டாவது வளவு. தேடி வந்தா ஆரும் காட்டுவினம்."

பதினொரு நாள் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் மாறிமாறிக் காவல் இருந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு தந்த அயலாருக்கும், அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அன்று பாலையூற்று ஒழுங்கையில் வெயிலில் அக்காவைத் தேடித் திரும்பிய அந்த ஐயாவின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் நன்றி. இந்த நினைவு மலரின் பின் அட்டையில் எங்கள் விலாசத்தைச் சரியாகப் போட்டிருக்கிறேன்.