கொத்தனார் கொத்தாத சுவர்

தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மாவுக்கு வாழ்க்கையில் தீராத குறை ஒன்று உண்டு. தாலி கட்டியவர் கொத்தனார். வீட்டிலோ மண் பூச்சு. தையல் அறையின் பின்சுவர் எந்தக் காலத்துக் கல்லோ, அவள் மருமகளாய் வருமுன்பே கணவர் அதன் மேல் மண்ணைக் குழைத்து அப்பியதோடு சரி. காற்றடித்தால் உதிர்ந்து அடுத்தவர் பட்டுத்துணி மேல் விழும். "ஊருக்கெல்லாம் சிமெண்டு, எனக்கு மட்டும் சேறா?" என்று அவள் கேட்காத நாளில்லை. "பூசலாம், பூசலாம்" என்பார் அவர். அவர் சட்டையில் பாதிப் பித்தான் கிடையாது என்பது மட்டும் அவளுக்கு வசதியாக மறந்துவிடும்.

போன மழையோடு பொறுமை போயிற்று. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தானே சுரண்டினாள். கைப்பிடி மண் விழுந்ததும் உள்ளே செதுக்கிய எழுத்துகள்! அவள் நூல்கண்டு அடுக்கும் வளைந்த மாடத்தைச் சுற்றி வரிசையாக ஓடின. செய்தி பரவி, தொல்லியல் துறை ஆய்வாளர் பெண் ஒருத்தி தூரிகையோடு வந்து சேர்ந்தாள்.

"அக்கா, இது நம்ம பக்கம் இஸ்லாம் வந்த ஆரம்பத்துல கட்டின பள்ளிவாசல். தொழுகைக்குத் திசை காட்டுற மாடம் இது. பக்கத்து வீட்டுல ஒரு கல்லுல துணி துவைக்கிறாங்களே, அது தூணோட அடிக்கல்லு. மிச்சம் இவ்வளவுதான்."

தையல்காரம்மா மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அறை போனால் பிழைப்பும் போச்சு. "அப்ப என் மெஷினை எங்க தூக்கிப் போடறது?"

"முன்பக்கம் புது அறை கட்டித் தர்றோம். அது இருக்கட்டும், மண்ணு பூசினது யாரு? சிமெண்டா இருந்தா ஒரு எழுத்துகூட மிஞ்சியிருக்காது."

வேலையிலிருந்து திரும்பி வாசலில் நின்ற கணவர் தலையைச் சொறிந்தார். "சிமெண்டு பிடிக்கணும்னா கல்லை உளியால கொத்தணும். என்னை மாதிரி எவனோ குந்தி உக்காந்து செதுக்கினது. கொத்த மனசு வரல."

"இத்தனை வருஷமா வாயத் திறந்தீங்களா?"

"உங்கிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. ஆளாளுக்கு வந்து சுரண்டியிருப்பாங்க."

ஆய்வாளர் பெண் சிரித்துவிட்டாள். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்து போயிற்று. இப்படியொரு மனுஷன் வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

புது அறையில் மெஷின் போட்ட அன்று, தைக்க வந்த துணிகள் மூட்டையாய்க் காத்திருந்தன. அவள் அளவு நாடாவை எடுத்துக் கணவரின் தோளில் வைத்தாள்.

"என்னடி திடீர்னு?"

"கையைத் தூக்குங்க. ஊருக்கு அப்புறம் தைக்கலாம்."