நான் கருக்கிய உணரி

அந்த உணரி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கண்ணாடிச் சில்லின்மேல் படியவைத்த மெல்லிய உலோகப் படலம், அவ்வளவுதான். திரவ ஹீலியத்தின் குளிரில் அது மீக்கடத்தியாகும். மின்தடை அறவே போய்விடும். அப்படி மாறும் விளிம்பிலேயே அதை நிறுத்திவைத்தால், துளி வெப்பம் பட்டாலும் தடை எகிறும். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசியைப் போன்ற ஒரு பொடியைத் தயாரித்து, அதனூடே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, பொடி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அந்த உணரியால் அளந்தோம். எண்பதுகளில், அதிர்வில்லாத இடம் வேண்டுமென்று ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது.

ஹீலியம் ஊற்றுவது உதவியாளர் அக்காவின் வேலை. கிளியூர்க்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர், பல வருடங்களாகத் தற்காலிகப் பணி. அந்த ஆண்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மெதுவாக ஊற்றச் சொல்லி நான் நச்சரிப்பேன். “ஏனுங்க சார், கைக்கொழந்தைக்குப் பாலூத்தறாப்பல ஊத்தறனுங்க. இதுக்கும் மேல மெதுவான்னா நாளைக்குத்தானுங்க முடியும்” என்பார்.

ஒரு மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தார். சிக்னல் போதவில்லை என்று உணரியில் செலுத்தும் மின்னோட்டத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். மீட்டரின் முள் ஒருமுறை துள்ளி விழுந்தது. படலம் கருகிவிட்டது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று இரவல் தந்த ஒரே உணரி அது. விசாரணையில், காலையில் ஹீலியத்தை வேகமாக ஊற்றியதால் படலம் விரிசல் விட்டிருக்கலாம் என்று எழுதிக்கொடுத்தேன். ‘இருக்கலாம்’ என்று எழுதியதால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் உணரியை வெளியே எடுத்து, கருகலா விரிசலா என்று பார்க்கவில்லை. அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சில மாதங்களில் ஆய்வுக்கூடத்தையும் மூடினார்கள். எனக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்தது.

தொண்ணூறுகளில் ஒருநாள் ஏற்காடு பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். காப்பிப் பழம் பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார், விரல்களில் கறை. “நல்லாருக்கீங்களா சார்? நொம்ப எளச்சுப்போட்டீங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு என்னையறியாம வேகமா ஊத்திப்போட்டனாட்ட இருக்குதுங்க. எத்தனையோ தரம் நெனச்சுப் பார்த்துட்டனுங்க, ஒண்ணும் பிடிபடல. என்னால உங்க ஆராய்ச்சியே நின்னு போச்சு. மன்னிச்சுக்கங்க சார்.”

சேலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. இன்று இங்கே எழுதுவதை அன்று சொல்ல ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. “பரவாயில்லைங்க அக்கா, விடுங்க” என்று அவரை மன்னித்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.