அக்கா கேட்ட பலகைகள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாவி என் அக்காவிடம்தான் இருக்கும். கூட்டுவது, மணி அடிப்பது, குடிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பது எல்லாம் அவள் வேலை. வாத்தியார் ஆற்றைத் தாண்டி வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மற்ற நாட்களில் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதும் அவள்தான். படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் அதட்டலில் பட்டம் வாங்கியவள்.

வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்கு இன்னொரு வேலையும் வரும். பள்ளியின் முன்சுவரில் இருக்கும் பெயிண்டைத் தகட்டால் சுரண்ட வேண்டும். தூர தேசத்திலிருந்து பயணிகள் வருவார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் இங்குள்ளவர்களுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அவர்களை அழைத்து வரும் கம்பெனியின் மேனேஜர் அதற்கென்று கண்டுபிடித்ததுதான் அந்தச் சுவர். போன வருஷம் வந்தவர்கள் அடித்த வண்ணத்தைச் சுரண்டிவிட்டால், இந்த வருஷம் வருகிறவர்களுக்கு வேலை தயார். பின்சுவரில் ஈரம் ஊறிக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. அங்கே போட்டோவுக்கு வெளிச்சம் பத்தாது என்பதால் அதை யாரும் தொடவில்லை.

"நமக்குத்தான் மாத்துச் சட்டை இல்ல, இந்தச் சுவத்துக்கு வருஷத்துக்கு ஒண்ணு" என்பார் என் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். ஜீப் நிற்கும் கரையிலிருந்து ஊருக்குச் சாமான் சுமப்பது அவர் தொழில். ஜீப் ஓட்டுவது நான். பயணிகளின் பேச்சு ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளனும் நானே.

கரைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கம்பிப் பாலம். அதன் பலகைகளில் ஏழு இல்லை, மிச்சத்தில் பாதி இற்றுப் போயிருந்தது. காட்டில் மரம் வெட்டத் தடை, எனவே அறுத்த பலகை நகரத்திலிருந்துதான் வர வேண்டும். மனு எழுதி எழுதி வாத்தியாருக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பயணிகளும் அதில்தான் நடந்து வந்தார்கள். நாங்கள் கையைப் பிடித்துக் கூட்டி வருவோம், அவர்கள் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது சாகசம்.

ஒவ்வொரு வருஷமும் புறப்படும் முன் அவர்கள் அக்காவிடம் கேட்பார்கள், உங்களுக்கு வேறு என்ன வேண்டும் என்று. "ஒண்ணும் வேணாம்னு சொல்லுடா. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு" என்பாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள் எங்களை. மூன்று வருஷம் அதைத்தான் சொன்னாள்.

நான்காம் வருஷம் அவள் மகளின் கால் பலகை இடுக்கில் இறங்கி, முழங்கால் வரை தோல் உரிந்துவிட்டது. அந்த முறை பயணிகள் கேட்டபோது அக்கா வெட்கத்தை விட்டுச் சொன்னாள்:

"பெயிண்டு போதும்னு சொல்லு. அந்தப் பாலத்துக்குப் பலகை போட்டுக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

மேனேஜர் என் பக்கத்தில் நின்றார். விருந்தாளிகளிடம் குறை சொன்னால் அடுத்த வருஷம் வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். வேறு ஊர் என்றால் வேறு ஜீப். நான் பயணிகளைப் பார்த்து, "குழந்தைகளுக்கு வண்ணம் ரொம்பப் பிடித்திருக்கிறதாம், மறுபடியும் வரச் சொல்கிறாள்" என்றேன். அவர்கள் அக்காவைக் கட்டிக்கொண்டார்கள். தன் பேச்சு எடுபட்டது என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

அதன்பின் நான் அக்கரையில் ஜீப்பை நிறுத்தும்போதெல்லாம் இங்கிருந்தே அவள் கண் வண்டியின் கூரைக்குப் போகும்.

"பலகை வரலியாடா?"

"யோசிக்கிறாங்களாம்க்கா."

வாய் கூசாமல் சொன்னேன்.

ஐந்தாம் வருஷம், பயணிகள் வருவதற்கு முந்தின நாள், மாமா பெயிண்ட் டின்களைச் சுமந்து வந்தார். முதுகில் ஒன்று, கையில் ஒன்று. தூறல் போட்டிருந்தது. ஊர்க் கரைக்கு நாலடி இருக்கும்போது பலகை முறிந்தது. முதுகில் கட்டிய டின்னோடு ஆற்றில் போனார். இரண்டு நாள் கழித்து, இரண்டு வளைவு தாண்டிப் பாறைச் சந்தில் கிடைத்தார். அந்த இரண்டு நாளும் அக்கா கரையோரமாகக் கத்திக்கொண்டே நடந்தாள். ஆற்றில் வெள்ளம் என்று சொல்லி மேனேஜர் அந்தக் கூட்டத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார். அங்கேயும் ஒரு சுவர் இருந்தது.

ஆறாம் வருஷம் வந்தவர்களில் ஒரு வயதான தச்சர் இருந்தார். பாலத்தில் கால் வைத்ததுமே சிரிப்பை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். பள்ளிக்கு வந்ததும் பிரஷ்ஷைத் தொடவில்லை. அக்காவிடம் போய், இந்தச் சுவரா வேண்டும், அந்தப் பாலமா என்று நேரடியாகக் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. பாலம்தான் என்று அக்கா சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன், மாமா போனதையும் சேர்த்து.

பயணிகள் காசு போட்டதில் பலகையும் ஆணியும் நகரத்திலிருந்து அன்றே வந்தன. தச்சர் அளந்து கொடுத்தார். பயணிகளும் ஊர் ஆண்களும் சேர்ந்து சுமந்தார்கள், ஆணி அடித்தார்கள். மூன்றே நாள்.

வேலை முடிந்ததும் தச்சர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அக்காவின் எதிரில் நின்றார். இத்தனை வருஷம் எங்கள் ஆட்கள் வந்து போனார்களே, ஒருவரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா அம்மா என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கேட்டதை நான் அக்காவிடம் சொல்ல வேண்டும். என் வேலை அது.

சொன்னேன்.

"சொன்னேனே" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே வாசல்ல. நீதானேடா சொன்னே அவங்ககிட்ட?"

தச்சர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மொழியில் அவள் சொன்னதைச் சொன்னேன். பிறகு எங்கள் மொழியில், அன்று நான் பயணிகளிடம் உண்மையில் சொன்னது என்ன என்பதை அவளிடம் சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கேயே தரையில் உட்கார்ந்து, "மூணு நாளு... மூணே நாளு" என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் பயணிகள் வருகிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன், என் ஒருவன் வாயை மட்டும் நம்பாதீர்கள், இப்போது உங்கள் பேச்சைக் கற்றுவரும் வாத்தியாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. பின்சுவரைப் பூசினார்கள். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். எல்லாம் அக்கா கேட்டவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். இலை போடுகிறாள், பரிமாறுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி மகளிடம் சொல்வாள்:

"இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு உன் மாமாகிட்ட கேளு."

அந்தப் பெண் என்னிடம் திரும்பிக் கேட்கும். போதும் என்று சொல்வேன். அது போய் அவளிடம் சொல்லும்.