கல்லு மாதிரி நாலு டயர்

என் அக்காவைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் "ஐயோ, அந்தம்மாவா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள். இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நடந்ததை நான் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அக்கா, நோய்ப்பட்ட மாடு குதிரைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகிற டிரெய்லர் வைத்திருக்கிறாள். முன்னால் பழைய பிக்கப் வண்டி, பின்னால் கொக்கியில் மாட்டிய டிரெய்லர், பக்கத்துக்கு இரண்டாக நாலு சக்கரம். ஓட்டுவது அவள். மிருகத்தைச் சமாதானப்படுத்தி ஏற்றுவது மாமா. கதவு, கயிறு, தண்ணீர் வாளி எல்லாம் என் பொறுப்பு. மாமா காதோரம் ஏதோ முணுமுணுப்பார், உதைக்கிற குதிரைகூட ஒழுங்காக ஏறி நிற்கும். அந்த வித்தைக்கு நானும் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் அவர் தட்டிக்கொடுக்கும் அதே நேரத்தில் அக்கா பின்னால் வந்து, "குறுக்குக் கட்டை எங்கடி? இப்படியா முடிச்சுப் போடுவாங்க?" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்களுக்கு யாரைப் பிடிக்கும்? அவளுக்குப் 'பட்டாசு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்க வேண்டும். எங்கிருந்துதான் வருவார்களோ, நாலைந்து ஆம்பிளைகள் கூடிவிடுவார்கள். "வலது, வலது, இன்னும் வலது, ஐயோ இடது!" அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை ஜன்னல் வழியாக நீட்டுவாள். "வாங்க சார், நீங்களே ஓட்டுங்க." ஒருத்தரும் வாங்க மாட்டார். அதற்குப் பிறகு ஒரே மூச்சில் உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். அதையும் திமிர் என்றார்கள்.

போன வருடம் பழைய டயர்கள் நாலையும் மாற்றியாக வேண்டும் என்று அக்கா நின்றாள். மாமாவுக்கு மனசே வரவில்லை. "பட்டன் அப்படியே இருக்கேம்மா, தேயவே இல்லையே." உண்மைதான், ரோட்டில் பதிகிற பாகம் புதுசு மாதிரி இருந்தது. எங்கள் டிரெய்லர் ஓடுகிற நாளைவிட வெயிலில் நிற்கிற நாள்தான் அதிகம். அக்கா அவர் தலையைப் பிடித்துக் குனிய வைக்காத குறையாக டயரின் பக்கவாட்டைக் காட்டினாள். வறண்ட உதடு மாதிரி நெடுக வெடிப்பு. "டிரெய்லர் டயர் தேஞ்சு சாகாதுங்க. நின்னு நின்னே சாகும். ஏழு வயசாச்சு இதுக்கு."

டயர் கடைக்காரர் சாதாரண கார் டயர் நாலை உருட்டிக்கொண்டு வந்தார். "டிரெய்லருக்குத்தானே? என்ஜினா இருக்கு அதுல? சும்மா பின்னாடி வர்றதுதானே, இதுவே தாராளம்."

"சும்மா பின்னாடி வர்றதுக்குள்ள ஒரு உசுரு நின்னுட்டு வருதுங்க. பக்கவாட்டு கெட்டியா இருக்கணும். டிரெய்லர் வெயிட்டு, மாட்டு வெயிட்டு ரெண்டையும் சேர்த்துத் தாங்குற டயரா எடுங்க. நாலும் ஒரே மாதிரி வேணும்."

அவர் முனகிக்கொண்டே உள்ளே போய் எடுத்துவந்தார். அக்கா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, தயாரித்த வாரமும் வருடமும் அச்சடித்த இடத்தைத் தேடிப் படித்தாள். இரண்டு டயர் கடைக்குள்ளேயே கிழடாகிப்போயிருந்தன. "இத உங்க வண்டிக்குப் போட்டுக்குங்க" என்று திருப்பி உருட்டினாள். வேறு வரவழைத்து மாட்டி முடிக்க நாள் போனது. மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிவந்து நட்டையெல்லாம் மறுபடி இறுக்கினாள். வீட்டில் சக்கரம் மண்ணில் படாமல் பலகைமேல் நிறுத்தினாள், வெயில் படாமல் கித்தான் போட்டு மூடினாள். தினமும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்று அளக்கிற கேஜை வைத்துப் பார்ப்பாள். ஓடிச் சூடான பிறகு பார்த்தால் கேஜ் பொய் சொல்லும் என்பது அவள் கணக்கு. டயரில் போட்டிருக்கிற முழு அளவுக்கு அடித்துவிடுவாள். தட்டினால் கல்லு மாதிரி இருக்கும்.

ஆனால் வண்டி எடுத்துப்போய் வந்த மறுநாள் பார்த்தால் நாலிலும் காற்று குறைந்திருக்கும். சும்மா நின்ற நாளில் குறையாது. அக்கா நேரே டயர் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். அவர் வால்வை மாற்றினார். மறுபடியும் குறைந்தது. சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினார். ஒரு குமிழி இல்லை. "டயர்லேருந்து ஒண்ணும் வெளிய வரலம்மா. உங்க கோவம்தான் வெளிய வருது" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அந்தச் சிரிப்பு காதில் ஒலிக்க வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு வாத்தியாரின் பேரப் பிள்ளைகள்தான் விளையாட்டுக்கு வால்வை நோண்டுகிறார்கள் என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பிடி பிடித்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் மாமா அங்கே போய், "அவ அப்படித்தான் சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று கைகூப்பிவிட்டு வந்தார். வாத்தியார் மனைவி என்னைப் பார்த்து, "உங்க மாமா எப்படித்தான் அவளோட குப்பை கொட்டறாரோ" என்றாள்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

கோடையில் ஒருநாள் ஒரு பசுக்காரி போன் செய்தாள். கன்று குறுக்கே சிக்கிக்கொண்டிருக்கிறது, தலைச்சன் ஈற்று, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு பசுதான். போனபோது பசு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. மாமா ஏற்றினார். அக்கா வண்டிக்கு முன்னால் நின்று ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் வாளியோடு அலைந்துகொண்டிருந்தேன். பசுக்காரி எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பெரிய ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். தார் கொதிக்கிற வெயில். டிரெய்லர் லேசாக வால் ஆட்ட ஆரம்பித்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும்போதே பின்னால் டமார் என்றது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பசுக்காரி அலறினாள். அக்கா பிரேக்கில் ஏறி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வண்டியைத் தானாகத் தளரவிட்டு, ஓரங்கட்டினாள். வேறு யார் ஓட்டியிருந்தாலும் அன்றைக்கு டிரெய்லர் கவிழ்ந்திருக்கும். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

வலது பக்கப் பின் டயர் நார் நாராகக் கிழிந்து ரிம்மில் தொங்கியது. உள்ளே பசு முன்னங்காலை மடித்து விழுந்திருந்தது. மாமா கண்ணீரோடு உள்ளே ஓடினார். அக்கா மற்ற மூன்று டயரையும் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள். கேஜை வைத்தாள். அத்தனை சூட்டிலும் முள் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை.

"காலைல நான்தான்டி அடிச்சேன். நாலும் சரியா இருந்துச்சு" என்றாள் என்னிடம். அவள் குரலில் கோபமே இல்லை. பயம் இருந்தது. தன் புத்தியின்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் பசுக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "காத்து நெறைய இருந்தா குலுங்கும்மா. அந்த மனுஷன் எவ்வளவு கருத்தா பார்த்தாரு தெரியுமா? கெளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சக்கரமா குனிஞ்சு, மாடு நோகக்கூடாதுன்னு காத்த எறக்கி விட்டாரு. பெத்த தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டா."

அக்கா நிமிர்ந்தாள். டிரெய்லர் கதவில் மாமா நின்றிருந்தார்.

"கல்லு மாதிரி இருந்துச்சும்மா" என்றார். "வலியில நிக்கிற மாடு. ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கிப் போடுமேன்னு..."

"ஒவ்வொரு தடவையுமா?"

அவர் தலையை ஆட்டினார்.

"டயர் கடையில அத்தனை பேரு சிரிச்சாங்களே, அப்பவும் தெரியுமா உங்களுக்கு? அந்தப் பசங்கள நான் திட்டினப்பவும் தெரியுமா?"

"சொன்னா நீ கத்துவேன்னு..."

"காத்து கம்மியானா டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகும். சூடானா வெடிக்கும். இதைத்தானேங்க தினம் கத்திக்கிட்டிருந்தேன்!"

 ஜாக்கி போட்டு, ஸ்டெப்னியை மாட்டினோம். பேட்டரியில் ஓடுகிற சின்னப் பம்பை எடுத்து அக்கா மாமா கையில் திணித்தாள். அது அரைமனசாக இரைந்து இரைந்து மூன்று டயருக்கும் காற்று ஏற்றி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உள்ளே பசு முக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மாமா குனிந்திருந்தார். நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

ஆஸ்பத்திரியில் பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. கிடேரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுழி.

பசுக்காரி வராந்தாவில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "உன் கண்ணு எங்க இருந்துச்சு? வண்டியா ஓட்டுன நீ? என் கன்னுக்குட்டியக் கொன்னுட்டியே!" அங்கே கூடியிருந்த எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா நடுவில் வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அவளச் சொல்லாதீங்க. தப்பு என்னோடது. நான் காத்த எறக்கினதாலதான் டயர் வெடிச்சுது. அவ ஓட்டினதாலதான் உங்க மாடாவது மிஞ்சுச்சு."

 பசுக்காரி கூட்டத்தின் பக்கம் திரும்பி அழுதாள். "பார்த்தீங்களா? பொண்டாட்டி செஞ்ச பாவத்தையும் தன் தலையில போட்டுக்கிறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

ஒருவர் மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். மாமா மறுபடி மறுபடி "நான்தாங்க, நான்தாங்க" என்றார். சொல்லச் சொல்ல அவர் இன்னும் நல்லவராகிக்கொண்டே போனார்.

அக்கா சட்டைப் பையிலிருந்து கேஜை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இப்பப் புரியுதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வண்டிக்குப் போய்விட்டாள்.

வெடித்ததற்கு ஜோடியாக ஓடிய டயரையும் மறுநாள் மாற்றினோம். மொத்தச் சுமையும் அதன்மேல் விழுந்திருந்தது. பார்வைக்குப் புதுசுதான், ஆனாலும் மாமா பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து காலையில் காற்றுப் பார்ப்பது அவர்தான். கிளம்பும் முன் நாலு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

அதற்குப் பிறகு ஒரு குதிரைக்காரர் வந்தார். குதிரைக்குக் காலில் அடி. ஏற்றி முடித்ததும் அவர் டயரை அமுக்கிப் பார்த்து, "என்னங்க, கல்லு மாதிரி இருக்கு? பாவம், வாயில்லா ஜீவன். கொஞ்சம் எறக்கி விடட்டுமா?" என்று வால்வு மூடியில் கை வைத்தார்.

"கையை எடுய்யா!"

என் கையிலிருந்த வாளி நழுவியது. கத்தியது அக்கா இல்லை. இத்தனை வருடத்தில் மாமாவின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. குதிரைகூடக் காதை விடைத்தது. குதிரைக்காரர் இரண்டடி பின்னால் போனார். டிரைவர் சீட்டில் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

இப்போதெல்லாம் தெருவில் மாமாவைப் பற்றிக் கேட்டால், "தங்கமான மனுஷன், அந்தம்மாவோட சேர்ந்து கெட்டுப்போயிட்டாரு" என்கிறார்கள்.