ஆமைக் குப்பிகளைத் துடைத்த நாள்

வெட்கத்தால் இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். கனடாவில், மொன்றியலில் ஓர் ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்துவந்தேன். சரஸ்வதி பூசையன்று, படிப்பு நடக்கிற இடமாயிற்றே என்று ஆமைகளின் இரத்தம் இருந்த குப்பிகளையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். மூடிகளில் எழுதியிருந்த இலக்கங்கள் அழிந்துபோயின.

ஆராய்ச்சி செய்தவர் காதில் பென்சில் செருகிய, மெலிந்த தமிழ்நாட்டுக்காரர். கடத்தல்காரரிடமிருந்து மீட்ட, அருகிவரும் பாலைவன ஆமைகளின் மரபணுவைப் பார்த்து, எது எந்த ஊரென்று அவர்தான் சொல்லவேண்டும்.

"தம்பி, நம்பரை அழிச்சுப்போட்டன். அதுகள் இனி ஊருக்குப் போகேலாதோ?" என்றேன்.

அவர் குப்பியைத் திருப்பினார். பக்கத்தில் ஒட்டிய தாளில், ஸ்பிரிட்டுக்கு அழியாத பென்சிலால் அதே இலக்கம் எழுதியிருந்தது.

"ரெண்டு தடவ எழுதுற பைத்தியம் நான். வீட்ல சிரிப்பாங்க. எல்லாம் ஊருக்குப் போயிடும் அண்ணா."

"முருகா!" என்று அவரைக் கும்பிட்டேன்.

ஒரு கடுஞ்சொல்கூட அவர் சொல்லாதது இன்றும் எனக்கு அதிசயம். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் என் பிழையைக் குறைக்காமல் சொல்லுங்கள்.